தோள் நோகாமல் பெரிய பலகையைத் துழாவுவது எப்படி?

நவம்பர் பிறந்ததும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் காற்று திசை மாறுகிறது. தென்சீனக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று அலைகளையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மார்ச் வரை பகாங்கின் செராத்திங்கிலும் ஜொகூரின் டெசாருவிலும் அலைச்சறுக்குப் பலகையோடு நடமாடும் ஆட்களைப் பார்க்கலாம். அவர்களில் முதன்முறை வந்திருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. ஆகப் பெரிய பலகை அவர் கையில்தான் இருக்கும்.

அது சரியான தேர்வுதான். 9 அடி நீளப் பலகை நன்றாக மிதக்கும், அதிகம் ஆடாது, சின்ன அலையையும் பிடித்துக்கொடுக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து அந்தப் புதியவரைக் கேட்டுப் பாருங்கள். முட்டி சிராய்த்ததை அவர் மறந்திருப்பார். தோளைத்தான் தடவிக்கொண்டு நிற்பார்.

என் கதையும் அதுதான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாம் நாள் மாலை ஈரத் துணியைக் கொடியில் போடக் கை மேலே எழவில்லை. "கையில் பலம் போதாது, ஜிம்முக்குப் போங்கள்" என்றார்கள். போனேன். பலம் கூடியது, கூடவே வலியும் கூடியது. தோள் மூட்டின் அமைப்பையும், பள்ளியில் படித்து மறந்த நெம்புகோல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. என் தோளை நோகடித்தது பலகையின் எடை அல்ல. விசை தோளிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது, அப்போது கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற இரண்டும்தான். கடலுக்குள் துழாவும்போதும் சரி, கரையில் பலகையைத் தூக்கும்போதும் சரி, கணக்கு ஒன்றே.

ஆழமில்லாத குழி

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஓர் ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் அப்படி அல்ல. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது சாய்ந்திருக்கும் குழியோ ஒரு சிறு தட்டு. எந்த நேரத்திலும் உருண்டையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். குச்சியின் மேல் வைத்த கோல்ஃப் பந்தைப்போல என்று மருத்துவ ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். இந்த அமைப்பால்தான் நம் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, மூட்டு சுலபமாக நிலைகுலைவது.

பந்தைத் தட்டின் நடுவில் பிடித்துவைப்பவை நான்கு சிறிய தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, உருண்டையைச் சுற்றிச் சட்டைக் கையின் பட்டிபோல இவற்றின் தசைநாண்கள் ஒட்டியிருக்கின்றன. 'ரொட்டேட்டர் கஃப்' என்று மருத்துவர் சொல்வது இந்தத் தொகுதியையே. இவற்றில் மேலே இருக்கும் தசைநாண், உருண்டைக்கும் தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்புக்கும் இடையே ஓடுகிறது. அந்த இடைவெளி சுமார் 1 செண்டிமீட்டர்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். ஏற்கெனவே தோள்வலி உள்ளவர்கள் வேண்டாம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் கீழே பார்க்கும்படி உள்நோக்கித் திருப்பி, மெல்ல உயர்த்துங்கள். தோள் மட்டத்துக்கு அருகே ஒரு நெருக்கம் தெரியும். இனி கட்டைவிரலை மேல்நோக்கித் திருப்பி, கையைச் சற்று முன்பக்கமாகக் கொண்டுவந்து உயர்த்துங்கள். அதே கை தடையில்லாமல் போகும். முதல் நிலையில் கூரைக்கும் உருண்டைக்கும் நடுவே இருக்கும் இடம் குறுகுகிறது.

1972-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்ல்ஸ் நீர், நாள்பட்ட தோள்வலி இந்த உரசலால் வரக்கூடும் என்று விளக்கினார். இன்றைய மருத்துவம் உரசலை மட்டும் குற்றவாளியாக்குவதில்லை. பழக்கமில்லாத தசைநாண்மேல் திடீரென்று ஏறும் சுமையும், திரும்பத் திரும்ப நடக்கும் இழுப்பும் அதே அளவு பேசப்படுகின்றன. பலகை துழாவுபவருக்கு இந்த இரண்டுமே உண்டு.

எத்தனை முறை தெரியுமா?

அலைச்சறுக்கு என்றால் அலைமேல் நின்று பாய்வது என்று நினைக்கிறோம். வீரர்களைப் பின்தொடர்ந்து நேரத்தை அளந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நீரில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி துழாவுவதிலேயே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி பலகைமேல் உட்கார்ந்து அலைக்குக் காத்திருப்பது. அலையில் சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை.

ஆக, 2 மணி நேரம் கடலில் இருந்தால் சுமார் 1 மணி நேரம் துழாவுகிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தவரை, நிதானமாகத் துழாவினால் ஒரு கைக்கு நிமிடத்துக்கு 25 தடவை. அப்படியானால் ஒரு தோளுக்கு 1,500 தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தவறான கோணம் என்றால், அந்தக் கொஞ்சம் 1,500-ஆல் பெருக்கப்படுகிறது.

பெரிய பலகை இங்கே தன் பங்குக்கு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. 9 அடிப் பலகையின் ஆக அகலமான இடம் சுமார் 57 செண்டிமீட்டர். தடிப்பு 7 அல்லது 8 செண்டிமீட்டர். நம் ஆட்களின் தோள் எலும்புகளுக்கு இடைப்பட்ட அகலம் பெரும்பாலும் 35-இலிருந்து 40 செண்டிமீட்டருக்குள். மேலே படுத்தால் இரு பக்கமும் பலகை தோளைத் தாண்டி நிற்கிறது. கை நேராக நீரில் இறங்க முடியாது. முதலில் பக்கவாட்டில் விரிந்து, விளிம்பைத் தாண்டி, பிறகு உள்நோக்கித் திரும்பி இறங்க வேண்டும். சற்று முன்பு செய்து பார்த்தோமே, அந்த நெருக்கமான நிலை! உயரம் குறைந்தவர்களும் பெண்களும் இதனால் அதிகம் சிரமப்படுகிறார்கள். வாடகைக்குப் பலகை எடுக்கும்போது நீளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒரே நீளத்தில் 2, 3 செண்டிமீட்டர் அகலம் குறைந்த பலகையோ, விளிம்பு மெலிந்து சரிந்த பலகையோ இருந்தால் அதை எடுங்கள். தோளுக்கு அந்த 3 செண்டிமீட்டர் பெரிய வித்தியாசம்.

கதவும் கையும்

கதவைக் கைப்பிடி அருகே தள்ளினால் ஒரு விரல் போதும். கீலின் அருகே தள்ளினால் தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். விசையை, அது கீலிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். நம் உடலில் கீல் என்பது தோள் மூட்டு. வேடிக்கை என்னவென்றால், இங்கே நாம் கதவின் தப்பான பக்கத்தில் நிற்கிறோம். நீர் நம் உள்ளங்கையைத் தொலைவிலிருந்து தள்ளுகிறது. நம் தசையோ கீலுக்குப் பக்கத்திலிருந்து இழுக்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கையை விறைப்பாக நீட்டி நீரில் இறக்கினால் தோளிலிருந்து உள்ளங்கை சுமார் 60 செண்டிமீட்டர் தள்ளி இருக்கும். நீரின் எதிர்ப்பு 3 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் தசைநாண் மூட்டின் மையத்திலிருந்து 3 செண்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20. அதாவது, உள்ளங்கையில் 3 கிலோ என்றால் தசையில் 60 கிலோ. முழங்கையை மடக்கி அந்த 60 செண்டிமீட்டரை 40 ஆக்கினால் தசையின் சுமை 40 கிலோவாக இறங்குகிறது. நீர் தந்த உந்துதல் அப்படியே இருக்க, தோளின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆகவே துழாவும் கை காற்றாடியின் இறக்கைபோல் விறைத்துச் சுற்றக்கூடாது. விரல்நுனி முதலில் நீரைத் தொடட்டும், தோளுக்கு நேர்முன்னே. கட்டைவிரலை முதலில் குத்தி இறக்கும் பழக்கம் மேற்கை எலும்பை உள்நோக்கித் திருப்பிவிடும், அது வேண்டாம். கையை எட்டும் கடைசி அங்குலம் வரை நீட்டவும் வேண்டாம். கை நீரில் மூழ்கியதும் முழங்கை மேலாகவே நிற்க, முன்கை மட்டும் கீழே தொங்க வேண்டும். இப்போது உள்ளங்கை முதல் முழங்கை வரை முழுவதும் ஒரே துடுப்பு. அந்தத் துடுப்பைப் பலகையின் விளிம்பை ஒட்டியபடி பின்னால் கொண்டுவாருங்கள். பலகைக்கு அடியில் கையை நுழைக்காதீர்கள். போட்டி நீச்சல்காரர்கள் முழங்கையை மிக உயரத்தில் நிறுத்தி இழுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தேவையில்லை, அதுவும் தோளைத் திருகும். ஒரு பெரிய பீப்பாயை அணைத்துக்கொள்ளும் வளைவு போதும்.

கை இடுப்பை நெருங்கியதும் வேலை முடிந்தது. அதற்கு மேலும் தள்ளினால் நீரைப் பின்னால் அல்ல, மேலே தூக்குகிறீர்கள். பலகை முன்னே போகாது, தோள் மட்டும் பின்னுக்கு வளையும். அங்கேயே முழங்கையை முதலில் வெளியே எடுத்து, முன்கையைத் தளர்வாக, நீருக்கு மேல் தாழ்வாக முன்னே கொண்டுபோங்கள். வலக்கை வெளியே வரும்போது உடம்பும் பலகையும் இடப்பக்கம் ஒரு விரற்கடை சாயட்டும். அகலப் பலகையில் இது மிக முக்கியம். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்க விளிம்பு உயர்கிறது, இறங்கும் கைக்குத் தூரம் குறைகிறது. பலகை தட்டையாகவே இருக்க வேண்டும் என்று பயந்து விறைத்துக் கிடப்பவருக்குத்தான் தோள் முதலில் நோகும். இழுக்கும் வேலையைச் செய்யவேண்டியது முதுகின் அகன்ற தசை. அது அக்குளிலிருந்து இடுப்பு வரை விரிந்து கிடக்கிறது. உடம்பு சற்றே உருளும்போதுதான் அது வேலைக்கு வரும்.

படுக்கும் இடம்

கை சரியாக இருந்தும் பலகை நகரவில்லை என்றால், நீங்கள் தப்பான இடத்தில் படுத்திருக்கிறீர்கள். பின்னால் தள்ளிப் படுத்தால் முனை வானத்தைப் பார்க்கும், வால் நீரை உழும். முன்னால் தள்ளிப் படுத்தால் முனை நீருக்குள் குத்தும். அமைதியான நீரில் மெல்லத் துழாவிப் பாருங்கள். முனை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்கும் இடமே உங்கள் இடம். பலகையில் மெழுகால் ஒரு கோடு போட்டு, தாடையோ மார்போ எங்கே வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்ய இரண்டு பருவம் எடுத்துக்கொண்டேன், வீண் பிடிவாதம்.

பிறகு மார்பு. அது பலகையில் ஒட்டிக் கிடந்தால் கை விளிம்பைத் தாண்ட இன்னும் உயரமாக எழ வேண்டும், கூரையின் இடைவெளி இன்னும் குறுகும். மேல் முதுகை வளைத்து மார்பைக் கொஞ்சம் உயர்த்தினால் தோள்பட்டை எலும்பு பின்னுக்குச் சாய்ந்து இடம் கொடுக்கிறது. உயர்த்த வேண்டியது மார்பை, தாடையை அல்ல. தாடையை மட்டும் தூக்கினால் கழுத்து வலிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதன்முறை பலகையில் படுப்பவர்கள் நெடுநேரம் முதுகைப் பின்னுக்கு வளைத்தே இருந்தால், மிக அரிதாக, முதுகுத் தண்டுவடத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுவதுண்டு. ஹவாயில் கற்றுக்கொள்ள வந்த புதியவர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள் 2004-இல் எழுதினார்கள். அடிபடாமலே வருவது இதன் ஆபத்து. கடலில் இருக்கும்போது திடீர் முதுகுவலியும், காலில் மரத்துப்போதலோ பலவீனமோ தெரிந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உடனே கரைக்கு வந்து மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகைமேல் உட்கார்ந்து முதுகை முன்னுக்கு வளைத்துத் தளர்த்துவது நல்ல பழக்கம்.

அவசரத்தின் விலை

நீரின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதற்கு ஈடுகொடுக்கும் ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்தில். திருப்பிச் சொன்னால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.8 × 0.8 × 0.8, அதாவது கிட்டத்தட்ட பாதி உழைப்பு போதும். அலைகள் உடையும் இடத்துக்குப் போய்ச் சேர 5 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

நீண்ட பலகைக்கு இதில் இயற்கையான சலுகையும் உண்டு. நீரைக் கிழித்துப்போகும் உடலின் எளிதான வேக எல்லை, அதன் நீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து உயர்கிறது. கப்பல் கட்டுவோர் நெடுங்காலமாக அறிந்த விதி இது. 6 அடிப் பலகையைவிட 9 அடிப் பலகைக்கு அந்த எல்லை சுமார் 22 விழுக்காடு அதிகம். எனவே ஒரு தடவை இழுத்தபின் பலகையை வழுக்க விடுங்கள். அலை வருகிறது என்று கண்டதும் பதறி முழு வேகத்தில் அடிப்பதுதான் தசைநாணுக்கு ஆகக் கெட்டது. நின்றுகொண்டிருக்கும் பலகையோடு சேர்த்து உங்கள் எடையையும் ஒரே இழுப்பில் நகர்த்தப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் முன்னதாகவே, மூன்று நான்கு மெதுவான இழுப்புகளில் பலகையை ஓடவிட்டு, பிறகு வேகம் கூட்டுங்கள்.

தோளுக்கு மாற்று வேலை கொடுக்க இன்னொரு வழி, மண்டியிட்டு இரு கையாலும் ஒரே நேரத்தில் துழாவுவது. மண்டியிட்டால் தோள் நீரிலிருந்து உயர்ந்துவிடும், கை நேர்கீழே இறங்கும், இடுப்பும் முதுகும் வேலை செய்யும். தமிழ்நாட்டுக் கரையோர மீனவர்கள் கட்டுமரத்தில் மண்டியிட்டு, பிளந்த மூங்கிலால் துழாவிக் கடலேறியதும் இதே உடல் அமைப்பில்தான். ஆனால் எல்லாப் பலகையும் இதற்குத் தாங்காது. ஆர்க்கிமிடிஸ் கணக்கைப் போடுங்கள். 75 லிட்டர் கொள்ளளவுள்ள பலகை முழுவதும் மூழ்கினால் சுமார் 77 கிலோ கடல்நீரை விலக்கும். பலகையின் எடை 8 கிலோ போனால் மிச்சம் 69. நீங்கள் 65 கிலோ என்றால் மண்டியிட்டதும் பலகை கிட்டத்தட்ட நீருக்குள் போய்விடும், தள்ளாடும். 65 கிலோக்காரருக்கு 90 லிட்டருக்கு மேல் உள்ள பலகையில்தான் இது சுகம். முழங்காலில் தடிப்பு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நுரை வரும்போது

சின்னப் பலகைக்காரர்கள் உடையும் அலைக்கு அடியில் முனையை அமிழ்த்தி மூழ்கிப் போய்விடுவார்கள். 75 லிட்டர் பலகையை அப்படி அமிழ்த்த முடியாது. அப்போது நம்மில் பலர் செய்யும் தவறு, பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பது. அதன் விளைவைக் கணக்கிடலாம். 9 அடிப் பலகையின் தட்டைப் பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர். நுரை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது, காற்று கலந்திருப்பதால் அதன் அடர்த்தி நீரில் பாதி என்று கொள்வோம். அப்படியிருந்தும் பலகைமேல் விழும் விசை ஏறத்தாழ 130 கிலோ எடைக்குச் சமம். அதே பலகையின் முனையை அலைக்கு நேரே திருப்பினால் நுரை காணும் பரப்பு 0.03 சதுர மீட்டர்தான். விசை சுமார் 3 கிலோ. தோள் மூட்டு நழுவுவதற்கும் நழுவாமல் இருப்பதற்கும் இடையே உள்ள தூரம், பலகையை 90 பாகை திருப்பும் அந்த ஒரு நொடி.

எனவே முனை எப்போதும் அலையைப் பார்க்கட்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை இருக்கக்கூடாது. ஆழமான இடமென்றால், நுரை வருமுன் இரு விளிம்பையும் மார்பருகே பிடித்து, ஆமைபோல் கவிழ்ந்து பலகைக்கு அடியில் தொங்குங்கள். முழங்கைகள் மடங்கி விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் மறுபடியும் அந்த 60 செண்டிமீட்டர் நெம்புகோல்தான், இப்போது மறுமுனையில் அலை. பிடி நழுவுகிறது என்று தெரிந்தால், பின்னால் யாரும் இல்லை என்று முன்பே பார்த்திருந்தால், விட்டுவிடுங்கள். கால் கயிறு அதற்குத்தான். பின்னால் ஆள் இருக்கும்போது விடுவது அவர் தலையில் பலகையை எறிவதற்குச் சமம். ஆகவே கூட்டமான இடத்துக்கு முதல் பருவத்தில் போகாமல் இருப்பதே நல்லது. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் இந்தக் கணக்கு எதுவும் உதவாது, இறங்கவே வேண்டாம்.

கரையிலும் அதே கணக்கு

ஹவாயின் பழைய 'ஓலோ' மரப் பலகைகள் 5 மீட்டரையும் தாண்டி நீண்டவை. தூக்கிச் செல்வதே தனி வேலை. 1920களில் டாம் பிளேக் என்பவர் ஹொனலூலு பிஷப் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய பலகைகளை ஆராய்ந்து, அதேபோன்ற ஒன்றைச் செய்து, எடை குறையட்டும் என்று மரத்தில் துளைகள் போட்டார். பிறகு உள்ளே வெற்றிடமுள்ள பலகைக்குக் காப்புரிமையும் வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நுரைப் பொருளும் கண்ணாடி இழையும் வந்து எடையை இன்றைய 7, 8 கிலோவுக்கு இறக்கின. எடை போய்விட்டது, நீளம் போகவில்லை.

8 கிலோ ஒன்றுமில்லை என்று அலட்சியமாக இருப்போம். காற்று வேறுவிதமாக நினைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த 1.3 சதுர மீட்டர் பரப்பில் குறைந்தது 8 கிலோ விசையோடு தள்ளும். வேகம் பாதியானால் 2 கிலோதான். பருவக்காற்று காலத்தில் கடற்கரையில் நடக்கும்போது முனையைக் காற்றின் திசைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். குறுக்குக் காற்றென்றால், காற்று வரும் பக்கத்துக் கையில் பலகையை வைத்துக்கொள்ளுங்கள்; காற்று அதை உங்கள் உடம்போடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் வைத்தால் கையிலிருந்து பிடுங்கிப் பறக்கப் பார்க்கும், அந்த இழுப்பு நேரே தோளுக்குப் போகும்.

கை நீளம் போதாதவர்கள் விரல்நுனியால் அடிவிளிம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கவேண்டாம். தலைமேல் வைத்து நடக்கலாம். தண்ணீர்க்குடம் சுமந்தவர்கள் கண்ட வழி அது. எடை முதுகெலும்புக்கு நேர்மேலே விழுவதால் திருப்புத்திறன் ஏறக்குறைய இல்லை. ஆனால் துழாவிக் களைத்த கையை நெடுநேரம் தலைக்கு மேல் தூக்கி வைப்பதும் தோளுக்குச் சுமைதான். இருவர் இருந்தால் இரண்டு பலகைகளையும் இணையாகப் பிடித்து, ஒருவர் முனைப் பக்கம், ஒருவர் வால் பக்கம், ஆளுக்கு இரு கையிலும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோவதே சிறந்தது. கை தொங்கிய நிலையிலேயே இருக்கும்.

வீட்டிலும் கொஞ்சம் வேலை உண்டு. பருவம் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது உருண்டையைப் பிடித்துவைக்கும் சிறு தசைகளுக்கு. குப்புறப் படுத்துக் கைகளை டி எழுத்துபோல் விரித்து, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்குவது தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுக்கும் தசைகளுக்கு. துண்டைச் சுருட்டி மேல் முதுகுக்கடியில் வைத்து மல்லாந்து படுப்பது, நாள் முழுவதும் கணினி முன் கூனிய முதுகுக்கு. என் ஜிம் முயற்சி தோற்றது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: மார்பையும் புஜத்தையும் வளர்த்தேன், அவை தோளை இன்னும் முன்னுக்கு இழுத்தன.

தசை களைப்பால் வரும் வலி இரண்டு மூன்று நாளில் தணியும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் விழிப்பு வருவது, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் சுருக்கென்று குத்துவது, இரண்டு வாரம் கடந்தும் வலி நீடிப்பது, விழுந்த பிறகு கை எழும்பாமல் போவது ஆகியவை வேறு வகை. இவற்றுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் கடலில் இறங்குவது சரியல்ல. மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ பாருங்கள்.

கடைசியாக, கார். மூன்று மணி நேரப் பயணத்துக்கு முன் களைத்த கையோடு 9 அடிப் பலகையைக் கூரைமேல் ஒரே தூக்கில் ஏற்றுவதில்தான் பலருக்குத் தோள் பிடித்துக்கொள்கிறது. காரின் பின்பக்கம் தரையில் பழைய துண்டை விரித்து வாலை அதன்மேல் ஊன்றுங்கள். பலகையை நிமிர்த்தி, முனையைக் கூரையின் பின்கம்பிமேல் சாயுங்கள். இப்போது பாதி எடையைக் கார் வாங்கிக்கொண்டது. வால் பக்கம் வந்து, முழங்காலை மடக்கி, பலகையை உடம்புக்கு நெருக்கமாகப் பிடித்துக் காலால் எழுந்து முன்னே தள்ளுங்கள். கூரை உயரமான வண்டி என்றால் கதவைத் திறந்து வாசல்படியில் ஏறிக்கொண்டு கட்டுக்கயிற்றை இறுக்குங்கள். தலைக்கு மேல் எட்டி இழுக்காமல், மார்பு உயரத்தில் இழுக்கலாம்.